சதுரம் நிரப்பிய வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்தால், அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. பாறசாலைக்கு அப்பால், களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அடுத்திருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அவ்வட்டத்து எல்லைக் கிராமங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே வெளிமாநிலத் தமிழர் ஆனார்கள். பிழைப்பை நாடி மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் சென்ற நமக்கும் அவர்களுக்கும் ஒரு கவலை பொது. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் கேட்டு வளரும் பிள்ளைக்குப் பாடத்தின் பொருள் எம்மொழியில் விளங்கும் என்பதே அக்கவலை.

அக்கவலைக்கு எடுத்துக்காட்டாக ஒரு கணிதப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். களியக்காவிளைக்குத் தெற்கே தமிழ்நாட்டுப் பாடநூல் அதனை இருபடிச் சமன்பாடு என்கிறது. வடக்கே மலையாள நூல் ‘ரண்டாம் கிருதி சமவாக்கியம்’ என்கிறது. வங்காளத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அதன் விடைகாணும் விதியை ஸ்ரீதர ஆசாரியரின் சூத்திரம் என்று ஒப்பிக்கும். நம்மில் பலர் ‘மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ்’ என்று தொடங்கும் அதே சூத்திரத்தை உருப்போட்டுத் தேர்வு எழுதியவர்களே. பெயர்கள் பலவாயினும் பொருள் ஒன்று. அப்பொருளை ஒரு துண்டு நிலத்தைக் கொண்டே காட்டிவிடலாம். அதன் வரலாறும் நிலத்திலிருந்தே தொடங்குகிறது.

வானொலிக்குக் கரும்பலகை கிடையாது. ஆகவே அன்பர்கள் மனத்திலேயே ஒரு படம் வரைந்துகொள்ள வேண்டுகிறோம். நம் முன்னோர் நிலத்தைக் கோலால் அளந்தனர். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரத்தைக் குழி என்றனர். கிழமேலாக நீண்ட ஒரு மனை நம் முன் இருக்கிறது. அதன் அகலத்தைவிட நீளம் 6 கோல் அதிகம். பரப்பு 91 குழி. அகலம் என்ன?

மனையின் மேற்கு முனையிலிருந்து அகலத்துக்கு ஒத்த நீளம் அளந்து ஒரு சதுரம் குறிப்போம். கிழக்கே எஞ்சுவது 6 கோல் விரிவுள்ள ஒரு பட்டை. அதனை 3 கோல் வீதம் இரண்டு பட்டைகளாகப் பிளப்போம். ஒரு பட்டை கிழக்கே இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மற்றொன்றைப் பெயர்த்துத் திருப்பிச் சதுரத்தின் தெற்கே ஒட்டுவோம். இப்போது மனை ஏறத்தாழ ஒரு பெரிய சதுரமாகி விட்டது. தென்கிழக்கு மூலை ஒன்று மட்டும் குறைகிறது. அம்மூலை 3 கோலுக்கு 3 கோல், அதாவது 9 குழி. அதையும் இட்டு நிரப்பினால் 91உடன் 9 சேர்ந்து 100 குழி. நூறு குழிச் சதுரத்தின் பக்கம் 10 கோல். அதில் நாம் ஒட்டிய பட்டை 3 கோல். அதைக் கழித்தால் பழைய அகலம் 7 கோல் என்றும், அதனால் நீளம் 13 கோல் என்றும் தெரிகின்றன. பதின்மூன்றை ஏழால் பெருக்கினால் 91 வருவதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இம்முறைக்கு இன்றைய பாடநூல் தந்துள்ள பெயர் வர்க்கப் பூர்த்தி. மிகுதியில் பாதியை எடுத்து, அதன் வர்க்கத்தைக் கூட்டி, மூலம் கண்டு, பாதியைக் கழிக்க வேண்டும் என்பது விதி. ஏன் பாதி, ஏன் வர்க்கம் என்று கேட்கும் பிள்ளைக்கு விதி விடை சொல்லாது. குறைந்து நின்ற அந்த மூலை சொல்லும்.

மூலையை முதலில் நிரப்பியவர் யார் என்று கேட்டால், உண்மையை உள்ளபடி கூறுவதே முறை. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று பாபிலோனியருடையது. கி.மு. 1800ஐ ஒட்டி எழுதப்பட்ட களிமண் ஏடு ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் முதற்கணக்கில், ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால் என்று கொடுத்துப் பக்கத்தைக் கேட்கிறார்கள். ஒன்றைப் பாதியாக்கு, பாதியின் வர்க்கமாகிய காலைக் கூட்டு, ஒன்று வரும், அதன் மூலத்திலிருந்து பாதியைக் கழி, விடை அரை. மேலே நம் மனைக்குச் செய்ததும் இதுவே அன்றோ!

நம் நாட்டில் இதன் வடிவத்தை முதலில் காண்பது வேள்விச்சாலையில். கிறிஸ்து சகாப்தத்துக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட சுல்ப சூத்திரங்கள், கயிறும் முளையும் கொண்டு வேள்விப் பீடங்களை அளந்து கட்டும் விதிகளைக் கூறுவன. செவ்வகத்தை அதே பரப்புள்ள சதுரமாக மாற்றும் விதி ஒன்று போதாயனர் நூலில் உண்டு. அகலத்துக்கு ஒத்த சதுரத்தைப் பிரித்து, எஞ்சியதை இரண்டாகப் பிளந்து, இரு பக்கங்களிலும் வைத்து, வெற்று மூலையை நிரப்பி, பின்னர் நிரப்பிய அளவைப் பெரிய சதுரத்திலிருந்து நீக்க வேண்டும் என்கிறது அது. அங்கே தெரியாத எண் ஒன்றைத் தேடவில்லை, கட்டுமானமே நோக்கம். ஆயினும் வெட்டிய பட்டையும் வெற்று மூலையும் அப்படியே இருக்கின்றன.

கட்டுமானம் கணக்காக மாறியதை ஆரியபடரிடம் காண்கிறோம். கி.பி. 499ஐ ஒட்டி இயற்றிய தம் நூலில் அவர், வர்க்கம் என்றால் ஒத்த பக்கங்களையுடைய நாற்கோணம் என்றும், அதன் பரப்பு என்றும், ஒத்த இரண்டு எண்களின் பெருக்கம் என்றும் பொருள் வகுத்தார். வடிவமும் எண்ணும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. இரு எண்களின் பெருக்கமும் வேறுபாடும் தெரிந்தால் அவ்வெண்களைக் காண அவர் தந்த விதியை நம் மனைக்கே பொருத்திப் பார்ப்போம். பெருக்கம் 91, அதன் நான்கு மடங்கு 364. வேறுபாடு 6, அதன் வர்க்கம் 36. இரண்டும் சேர்ந்து 400. அதன் மூலம் 20. இருபதோடு ஆறைக் கூட்டிப் பாதியாக்கினால் 13. கழித்துப் பாதியாக்கினால் 7.

ஏன் நான்கு மடங்கு? நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பழைய நாலுகெட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே திறந்த முற்றம். சுற்றிலும் நான்கு கட்டுகள். பதின்மூன்றுக்கு ஏழு அளவுள்ள நான்கு மனைகளை ஒன்றின் தலையை மற்றொன்றின் பக்கத்தில் முட்டும்படி சுற்றி அடுக்கினால், நடுவில் ஆறுக்கு ஆறு அளவில் முற்றம் ஒன்று தானே அமையும். வெளிச்சுற்றின் பக்கம் பதின்மூன்றும் ஏழும் சேர்ந்த இருபது கோல். நான்கு மனையும் முற்றமும் சேர்ந்து 400 குழி. முன்பு மூலையில் இருந்த குறை இங்கே முற்றமாயிற்று.

இக்கணக்கு விளையாட்டன்று, வட்டிக் கடைக்கும் அது வேண்டியிருந்தது. நூறு காசுக்கு ஒரு மாத வட்டி எவ்வளவோ, அவ்வட்டியை அதே வீதத்தில் நான்கு மாதம் கடன் கொடுக்கிறோம். வட்டியும் வட்டியின் வட்டியும் சேர்ந்து 6 காசு ஆனால், மாத வட்டி எவ்வளவு? விடை 5 காசு; அந்த ஐந்து காசு நான்கு மாதத்தில் ஒரு காசு ஈட்டியது. இவ்வகைக் கணக்குக்கும் ஆரியபடர் தனி விதி தந்துள்ளார். அவ்விதியிலும் முதலின் பாதியை வர்க்கமாக்கிக் கூட்டும் படி உண்டு.

628இல் பிரமகுப்தர் இருபடிச் சமன்பாட்டுக்குப் பொதுவான விதியை வகுத்தார். 820ஐ ஒட்டிப் பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி, ஒரு வர்க்கமும் அதன் பத்து மூலங்களும் சேர்ந்தால் 39 என்ற புகழ்பெற்ற கணக்கைப் படம் வரைந்து, மூலையை நிரப்பி விளக்கினார். ஐரோப்பா இக்கலையை அவர் நூலின் வழியே கற்றது. எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்ரீதரர், பாதியாக்கும்போது பின்னம் வந்து தொல்லை தராதபடி, முதலிலேயே வர்க்கத்தின் கெழுவை நான்கு மடங்காக்கி, அதனால் இரு பக்கத்தையும் பெருக்கச் சொன்னார். அவருடைய பீஜகணித நூல் மறைந்துவிட்டது. 1150இல் இரண்டாம் பாஸ்கரர் தம் நூலில் அவர் பெயரைச் சுட்டி விதியை எடுத்து வைத்ததால் அது மட்டும் பிழைத்தது. வங்காளப் பிள்ளை இன்று உச்சரிக்கும் பெயர் அந்த ஒரு மேற்கோளால் நிலைத்தது என்க.

இக்கல்வி தென்கோடிக்கு வந்த காலத்தை அறிய மீண்டும் எல்லைக் கிராமங்களுக்குத் திரும்புவோம். பாறசாலைக்கு அணித்தே, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கிய முஞ்சிறைப் பகுதியில், பார்த்திவபுரம் என்னும் ஊர் உண்டு. ஆய் வேள் மரபினனான கருநந்தடக்கன் 866இல் அங்கே விஷ்ணு கோயிலும், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட ஒரு சாலையும் நிறுவினான். சாலை என்பது அக்காலத்துக் கல்விக்கூடம். 95 மாணவர் தங்கிப் பயில அங்கே ஏற்பாடு இருந்ததை அவனது செப்பேடு தெரிவிக்கிறது. திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் இருந்தமையால் ஹஜூர் கச்சேரிச் செப்பேடு என்று வழங்கும் அவ்வேடு, மாணவரிடம் எதிர்பார்ப்பது இலக்கணமும் சடங்கு முறையும் அரசியல் வழக்கும். நம் கருத்தைக் கவர்வது அதன் தேதி. கலியுகம் தொடங்கி 14,49,087 நாள் சென்றது என்று நாளெண்ணிக்கையிலேயே அதனைப் பொறித்திருக்கிறார்கள். நிலக்கொடை எழுதுபவர் வானநூலாரின் நாட்கணக்கைக் கையாளும் அளவுக்கு அக்கல்வி இங்கு வேரூன்றியிருந்தது என்பதற்கு இது சான்று. அதற்கு மூன்றாண்டு கழித்து, 869இல், சேர மன்னன் தாணு இரவியின் மகோதயபுரத்தில் சங்கரநாராயணர் என்னும் வானநூற் புலவர், ஆரியபடரின் நெறியை விளக்கிய முதலாம் பாஸ்கரரின் நூல் ஒன்றுக்கு உரை செய்து முடித்தார். தமிழ் எழுதிய செப்பேடும் வடமொழி எழுதிய உரையும் அந்நாளில் ஒரே நிலப்பரப்பில் அடுத்தடுத்துப் பிறந்தன.

அந்நெறியின் கனி கேரளத்தில் பல நூற்றாண்டு கழித்துப் பழுத்தது. 1530ஐ ஒட்டி ஜேஷ்டதேவர் யுக்திபாஷை என்னும் நூலை எழுதினார். கணித நூல்கள் வடமொழிச் செய்யுளில் விதியைச் சுருக்கிக் கூறிவந்த காலத்தில், அவர் மலையாள உரைநடையில் விதியின் காரணத்தை விரித்துக் கூறினார். ஒரு நீளத்தை இரண்டு துண்டாக்கி அதன் வர்க்கத்தைப் பார்த்தால், எதிர் மூலைகளில் இரண்டு சதுரங்களும், மற்ற இரு மூலைகளில் ஒத்த இரண்டு செவ்வகங்களும் இருக்கக் காணலாம் என்று அந்நூல் கற்பிக்கிறது. நாம் ஒட்டிய பட்டைகளும் நிரப்பிய மூலையும் இவையே. 1834இல் சார்லஸ் விஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்நூலையும் இதன் உடன்பிறப்பான நூல்களையும் பற்றி எழுதினார். 1948இல் இராமவர்ம மரு தம்புரானும் அகிலேசுவர ஐயரும் விளக்கக் குறிப்புகளோடு இதன் முதற்பகுதியைத் திருச்சூரில் பதிப்பித்தனர். மக்கள் பேசும் மொழியில் காரணம் சொன்ன நூல் ஒன்று நானூறு ஆண்டு ஏட்டிலேயே கிடந்தது என்பது எண்ணத்தக்கது.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் இதற்கு இணையாக வேறொரு மரபு வாழ்ந்தது. எண்சுவடியில் குழிமாற்று என்றொரு பகுதி உண்டு. ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கி வரும் வாய்பாடு அது. முழு எண்ணுக்குப் பெருங்குழி, பின்னத்துக்குச் சிறுகுழி. பதிற்றுப்பத்து நூறு குழி என்று சிறுவர் கூவி மனனம் செய்யும்போது, நூறு என்பது பத்துக் கோல் பக்கமுள்ள ஒரு நிலமாகவே அவர் காதில் விழுந்தது. வர்க்கம் என்ற வடசொல் அறியாத சிறுவனும் வர்க்கத்தைக் கண்ணால் கண்டிருந்தான். ‘ரண்டாம் கிருதி’ என்னும் சொல்லும் அந்நியமன்று. கிருதி என்பது பழைய கணித நூல்களில் வர்க்கத்துக்கு வழங்கிய மறுபெயர்களுள் ஒன்று. எல்லைக்கு இருபுறமும் பிள்ளைகள் ஒரே சதுரத்தைத்தான் இரு பெயரால் அழைக்கிறார்கள்.

இனி, மூலையை நிரப்புவதால் வரும் இரண்டாவது பயனைக் காண்போம். இது பிற்காலத்தார் கண்டு பெருக்கியது. நம்மிடம் 40 கோல் நீளத்துக்கு வேலி இருக்கிறது. அதைக் கொண்டு செவ்வகமாக ஒரு தோட்டம் அடைக்கிறோம். நீளமும் அகலமும் சேர்ந்து 20 கோல். அகலம் 7 ஆனால் நீளம் 13, பரப்பு 91. அகலம் 8 ஆனால் 96. அகலம் 9 ஆனால் 99. எந்த அகலத்தில் பரப்பு மிகப் பெரியது? ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போவது முடிவில்லாத வேலை. மூலையைப் பார்த்தால் விடை உடனே தெரியும். 91 என்பது 100க்கு 9 குறைவு. அந்த 9, பத்துக்கும் ஏழுக்கும் உள்ள வேறுபாடாகிய 3இன் வர்க்கம். 96 என்பது 100க்கு 4 குறைவு. அது 2இன் வர்க்கம். ஆகவே எந்த அகலத்தை எடுத்தாலும் பரப்பு என்பது, நூறிலிருந்து, அகலத்துக்கும் பத்துக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கத்தைக் கழித்த மிச்சமே. வர்க்கம் ஒருநாளும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆதலால் பரப்பு நூறுக்கு மேல் போகாது. அகலம் சரியாகப் பத்தாகும்போதுதான் நூறு வரும். முன்பு மனைக்கு நாம் இட்ட அதே மூலை, இங்கே மனையின் குறையைக் காட்டும் அளவுகோலாகிறது.

இவ்வாறு மாற்றி எழுதிய உருவத்தை உச்சி வடிவம் என்பர். பிரான்சு நாட்டு டெகார்ட் 1637இல் சமன்பாட்டுக்கும் வளைகோட்டுக்கும் உள்ள உறவை வெளியிட்டார். மறு ஆண்டில் கலிலியோ, எறியப்பட்ட பொருள் பரவளைவுப் பாதையில் செல்வதை நிறுவினார். அதன் பின்னர் இருபடிச் சமன்பாடு வானில் ஒரு வளைவாகத் தெரியத் தொடங்கிற்று. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லை நேர்மேலே எறிகிறோம் என்று கொள்வோம். புவியீர்ப்பைச் சுலபத்துக்காக நொடிக்கு நொடி 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் உயரம், நொடியின் இருபது மடங்கிலிருந்து நொடியின் வர்க்கத்தின் ஐந்து மடங்கைக் கழித்தது. இந்த உருவத்தைப் பார்த்தால் கல் எவ்வளவு உயரம் போகும் என்று சொல்ல முடியாது. மூலையை நிரப்பி எழுதினால், 20 மீட்டரிலிருந்து, இரண்டு நொடிக்கு முன்போ பின்போ உள்ள வேறுபாட்டின் வர்க்கத்தை ஐந்து மடங்காக்கிக் கழித்தது என்று வரும். உச்சி 20 மீட்டர்; அங்கே சேரும் நேரம் இரண்டாம் நொடி. இரண்டையும் பார்த்தவுடன் படிக்கலாம்.

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை, திருவனந்தபுரத்துக்கு வடக்கே தும்பைக் கடற்கரையிலிருந்து ஆராய்ச்சி ராக்கெட் ஒன்று முதன்முதலாக வானேறியது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உயரத்தில் அது வெளியிட்ட சோடிய ஆவி அந்திவானில் நிறம் காட்டிற்று. எரிபொருள் தீர்ந்த பின்னர் அத்தகைய ராக்கெட்டை ஏற்றியிறக்குவது கல்லை ஏற்றியிறக்கும் அதே விதிதான். உச்சி காணும் முறையும் ஏறக்குறைய அதே முறைதான். காற்றின் தடையையும், உயரே செல்லச் செல்ல ஈர்ப்பு குறைவதையும் மட்டும் கூடுதலாகக் கணக்கிட வேண்டும்.

களிமண் ஏடு, வேள்விப் பீடம், வட்டிக் கணக்கு, பனையோலை, ராக்கெட் என்று நாம் நீண்ட தூரம் வந்துவிட்டோம். வழியில் இக்கல்வி பேசிய மொழிகளை எண்ணினால் அக்காதியன், வடமொழி, அரபு, மலையாளம், இலத்தீன், பிரெஞ்சு, தமிழ் எனப் பெருகும். எந்த மொழியாரும் தமக்கே உரியது என்று பூட்டிவைக்கவில்லை; எம்மொழியில் புகுந்தாலும் அதன் சதுரம் கோணவில்லை. இது நமக்குத் துணிவு தரவேண்டிய செய்தி. வெளிமாநிலத்துப் பள்ளியில் இந்தியிலோ வங்காளியிலோ கன்னடத்திலோ படிக்கும் பிள்ளை, சூத்திரத்தைத் தடுமாறி ஒப்பித்துவிட்டு, தனக்குக் கணக்கு வராது என்று தளர்வதுண்டு. அத்தளர்ச்சி பலமுறை கணக்கினால் வருவதன்று. காரணம் சொல்லப்படாமையால் வருவது. பாடநூலின் மொழியைப் பெற்றோர் அறியாமல் இருக்கலாம். காரணத்தைச் சொல்ல நம் வீட்டுத் தமிழ் போதும்.

பழைய நாட்காட்டித் தாளை எடுத்து, பதின்மூன்று அங்குலத்துக்கு ஏழு அங்குலமாக நான்கு துண்டு வெட்டுங்கள். தாள் சிறிதானால் சென்டிமீட்டரில் வெட்டலாம். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, நான்கையும் நாலுகெட்டுப் போல் சுற்றி அடுக்கச் சொல்லுங்கள். நடுவில் தெரியும் முற்றத்தை அதுவே அளக்கட்டும். பிறகு ஒரு துண்டை மட்டும் எடுத்து, ஆறு மிகுதியைப் பிளந்து, பட்டைகளை இருபுறமும் வைத்து, எந்த மூலை குறைகிறது என்று கேளுங்கள். விரலை வைத்துக் காட்டிய பிள்ளை, மறுநாள் பள்ளியில் அதே மூலையை எந்த மொழியில் எழுதச் சொன்னாலும் எழுதும்.